காணாமல் போன அப்பாவும் வீட்டில் இருந்த சாரும்

என் அப்பா போர் விமானி. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, மேற்கு எல்லையில் நடந்த போரில், ஒரு நாள் காலை விமானத்தை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ‘காணவில்லை, இறந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறார்’ என்று எங்களுக்குச் சொன்னார்கள். பள்ளியில் செயப்பாட்டு வினை படித்த வருஷம் இந்த வாக்கியம் என் மண்டையைக் குடைந்தது. கருதுவது யார்? எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கருதியதாகத் தெரியவில்லை. கருதவில்லை என்றும் சொல்ல முடியாது.

அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். அப்பாவைப் பற்றிப் பேசினால், “நல்லா விசிலடிப்பார்” என்பாள். தமிழில் அந்த ஒரு சொல், முன்பு வழக்கமாக நடந்ததற்கும் இனிமேல் நடக்கப்போவதற்கும் பொருந்திவிடுகிறது. அம்மா எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நான்காம் வகுப்பில் டீச்சர் கேட்டார், அப்பா பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட வேண்டுமா என்று. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்ததும் அரிசி களையப் போய்விட்டாள். மறுநாள் டீச்சரிடம், “அப்பா ஊர்ல இல்ல டீச்சர்” என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பாவைப் பற்றி எனக்கென்று ஒரே ஒரு ஞாபகம் உண்டு. யாரோ என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் வேகமாக நடக்கிறார். என் முகத்துக்குக் கீழே எண்ணெய் தடவிய தலை. அது அப்பா இல்லை, பெரியப்பா என்று அம்மா சொல்கிறாள். பெரியப்பாவைக் கேட்டால், “நான் ஒன்ன தோள்ல தூக்குனதே இல்லியே” என்றார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். கீழ்க்கட்டளையில் பயிர்செய்துகொண்டிருந்த குடும்பம். தம்பிக்குத் திதி கொடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று ஒரு உறவுக்காரர் சொன்னபோது, “புல்ல வெச்சி என் தம்பியக் கொளுத்தச் சொல்றியா? இன்னா பேச்சு பேசறே!” என்று கத்தினார்.

அதே பெரியப்பாதான் எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, மறுமணம் செய்துகொள்ளும்படி அம்மாவிடம் சொன்னார். மாப்பிள்ளையாக அவர் நினைத்தது அம்மாவின் பள்ளியில் கணக்கு எடுத்த சாரை. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வருவார். சொல்லிக்கொடுத்து முடித்ததும் உடனே கிளம்ப மாட்டார் என்பதை எப்படியோ பெரியப்பா கவனித்திருக்கிறார்.

அம்மா அதிர்ந்துபோனாள். “அப்ப, அவர் இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“அவன் செத்துட்டான்னு நான் இன்னிக்கும் சொல்லல. நீ தனியா கீறது எனக்கு மனசுக்கு ஒப்பல, அவ்ளோதான்.”

“ரெண்டும் எப்படிங்க சேரும்?”

“சேராதும்மா. எனக்கும் தெரியுது” என்றார் பெரியப்பா.

அம்மா சம்மதிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம். அன்று காலை அம்மா பழைய தாலியைக் கழற்றிப் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “என்கிட்ட இருக்கட்டும். அவன் வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றார். சார் தாலி கட்டும்போது பெரியப்பா அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் யோசித்துக்கொண்டே நின்றதில், அட்சதை போட மறந்துவிட்டேன்.

வீட்டிலும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். அவர் வேறெப்படியும் கூப்பிடச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கேட் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். அப்பா வந்துவிட்டால் எங்கே படுப்பார்? சார் எங்கே போவார்? அப்பா வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். இன்றைக்கு வேண்டாம் என்பதையும் கூடவே சேர்த்துக்கொள்வேன். சார் என்னை சைக்கிள் கற்றுக்கொள்ள வைத்தார், கல்லூரியில் சேர்த்தார், என் கல்யாணத்தில் கைபிடித்துக் கொடுத்தார். அவர்மீது எனக்குப் பிரியம் கூடக்கூட, அப்பாவுக்கு எதிராக ஓட்டுப் போடுவதுபோல இருந்தது.

பெரியப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. நான் இப்போது பொழிச்சலூரில் இருக்கிறேன். விமானங்கள் மொட்டைமாடியை உரசுவதுபோல இறங்கும் இடம். அம்மாவும் சாரும் கீழ்க்கட்டளையில் இருக்கிறார்கள், இருவருக்கும் எண்பதை நெருங்கும் வயது.

போன வருஷம் ஒருவர் போன் செய்தார். அப்பாவோடு அன்று பறந்த இன்னொரு விமானத்தின் விமானி. கோயம்புத்தூர்க்காரர், மேடவாக்கத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாராம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் காரில் அழைத்துவந்தேன். நிமிர்ந்த உடம்பு. சார் காபி போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காரலாமா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். அம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

“கீழேருந்து சுட்டாங்க மேடம். அவர் ப்ளேன்ல புகை வந்துச்சு. நான் திரும்பிப் பாத்தப்ப, புகைக்குக் கீழ வெள்ளையா ஒண்ணு. பாராசூட்னு ரிப்போர்ட் பண்ணேன்.”

இது எங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

“ரெண்டு நாள் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மேகமா இருக்கலாம். வெயில் கண்ல பட்டிருக்கலாம். உறுதியா சொல்ல முடியலன்னு மாத்திச் சொன்னேன். இத்தன வருஷமா ஒரு நாள் பாராசூட்டா தெரியுது, ஒரு நாள் மேகமா தெரியுது.”

“இன்னிக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டாள் அம்மா.

“பாராசூட்” என்றார்.

அவரைக் கொண்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். சார் மெதுவாகக் கேட்டார்: “அவர் வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?”

“தெரியலையே” என்றாள் அம்மா. “நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

“முதல்ல அவரை உட்காரச் சொல்லியிருப்பேன்” என்றார் சார்.

ஒரு வாரம் கழித்து அந்த விமானி மறுபடி எனக்குப் போன் செய்தார். “யோசிச்சுப் பாத்தேம்மா. அது மேகம்தான். உங்கம்மாகிட்ட சொல்லிடு.” சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் திண்டாடினேன். ஐம்பது வயதைத் தாண்டியும், என்ன செய்வதென்று தெரியாத நான்காம் வகுப்புப் பிள்ளைபோல இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

அம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை. “பாவம், அந்த மனுஷன் ஒருத்தர்கிட்டயும் இதைப் பேசியிருக்க மாட்டார். ஞாயித்துக்கிழம சாப்பிட வரச் சொல்லு” என்றாள்.

வந்தார். இப்போது மாதம் ஒருமுறையாவது வருகிறார். சாருக்கும் அவருக்கும் கிரிக்கெட்டில் ஒத்துப்போவதில்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். அப்பாவைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. போன தடவை மட்டும், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, அப்பா எந்தப் பாட்டை விசிலடிப்பார் என்று அம்மா அவரிடம் கேட்டாள். அவர் முயன்று பார்த்தார். பல்செட் போட்ட வாயில் காற்றுதான் வந்தது. சார் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார், சத்தம் கேட்கட்டும் என்று.