புளிக்காப்பி அம்சவல்லி

அம்சவல்லி அக்கா யாரையாவது மன்னித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவள் மூட்டையைக் காலால் எட்டித் தள்ளினார். அவர் அந்த வண்டியில் இருந்தவரை அவள் அதில் ஏறவே இல்லை. மழை கொட்டினாலும் நனைந்துகொண்டே அடுத்த வண்டிக்கு நிற்பாள். அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் ஏறினாள். அப்போதும் அவர் உட்காருகிற சீட்டை முறைத்துக்கொண்டே வந்தாள்.

நான் தேவயானி, அவளுக்கு ஓரகத்தி. அவள் கணவரின் தம்பி சின்னராசுதான் என் கணவர். ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அதனால் அவள் கோபத்தின் சூடு எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் கணவர் இறந்த பிறகு அக்காவுக்கு மிஞ்சியது ஒரு சரிவு நிலம். பலா மர நிழலில் காப்பிச் செடிகள். பட்டா மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. என் வீட்டுக்காரருக்கு அந்தச் செடிகள் மேல் ஆரம்பத்திலிருந்தே கண். பிடுங்கிவிட்டுச் சாமை போடலாம் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். அக்கா தட்டில் சோற்றைக் கொஞ்சம் கோபமாகப் போடுவாள், அத்தோடு சரி.

காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில்தான் எங்கள் ஜவ்வாது மலையில் புளியும் உதிர ஆரம்பிக்கும். இரண்டையும் காயப்போட ஊருக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய பாறை. ஒரு பக்கம் அக்காவின் காப்பிப் பழம், பக்கத்திலேயே ஓடு நீக்கிய புளி. சாயங்காலம் பனி இறங்குமுன் இரண்டையும் சேர்த்து ஒரே தார்ப்பாயால் மூடிவிடுவோம். அது தப்பு என்று எங்களுக்கு யார் சொல்வது? அரிசியையும் பருப்பையும் ஒரே வீட்டில் வைக்கிற மாதிரிதான் நினைத்திருந்தோம்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து குணசீலன் என்று ஒருவர் காரில் வந்தார். தரமான காப்பிக்கென்றே தனியாகக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு மலை மலையாகப் போய்க் கொட்டை வாங்கிக் கொடுப்பவர். வந்தவரைப் பார்க்க ஊரே பாறையில் கூடிவிட்டது. யாரிடமோ போனைக் கொடுத்து, கை நிறையப் பழத்தோடு பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தங்கள் வாசலில் காயவைத்திருந்த மற்றவர்களின் மூட்டைகளை முகர்ந்து, சரி என்று தலையாட்டினார். அக்கா ஆசையாகக் காப்பி போட்டு எடுத்து வந்து கொடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சினார், முகத்தைச் சுளித்தார், பாறை மேலேயே துப்பினார்.

"இன்னாம்மா இது, காப்பியா புளிக்கொழம்பா? இத மாடு கூடக் குடிக்காது" என்றார்.

ஊர் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது என் வீட்டுக்காரர். போகிற போக்கில் குணசீலன் அவள் மூட்டையையும் கழிவு விலைக்குக் காரில் ஏற்றிக்கொண்டார். இனிமேல் புளியைத் தூரமாகக் கொண்டுபோய்க் காயப்போடு, காப்பியைத் தரையில் படாமல் வலைக் கட்டில் மேல் பரப்பு என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்குப் புளிக்காப்பி என்று பெயராகிவிட்டது. சந்தைக்குப் போனால் புளிக்காப்பி வந்துட்டா என்பார்கள். அடுத்த விளைச்சலையும் அந்த ஆள் வேண்டாம் என்றால் செடிகளைப் பிடுங்கிவிடுவதாக என் வீட்டுக்காரர் பஞ்சாயத்து பேசுகிற ஊர்கவுண்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அக்கா தார்ப்பாயை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் சண்டைக்கு வராவிட்டால்தான் எனக்குப் பயம்.

என் தம்பி ரமேஷ் சென்னையில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான். மழைக்காலத்தில் ஒருநாள் போன் பண்ணினான். ஏதோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்டில் போகும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்களாம். ஜவ்வாது மலைக் காப்பி, புளி வாசம் வருகிறது, இந்த ஊரிலேயே அதுதான் ஒசத்தி என்று. எந்தக் கடை என்று கேட்பதற்குள் கதவு திறந்து அவர்கள் போய்விட்டார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"உன் தம்பி கொழந்தைக்குக் காதுகுத்துன்ன இல்ல? நானும் வர்றேன்" என்றாள்.

காதுகுத்து முடிந்த மறுநாள் ரமேஷ் ஒரு ஆட்டோக்கார நண்பனைக் கூட்டிவந்தான். நாள் முழுக்க நாங்கள் காப்பிக் கடை காப்பிக் கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் பொடியைத் தராசில் நிறுத்துப் போட்டார்கள். இது நகைக்கடையா என்று அக்கா ரமேஷைக் கேட்டாள். ஆய்வகத்தில் வைத்திருக்கிற மாதிரி ஒரு கண்ணாடிக் குடுவையில் காப்பி வந்தது, பால் இல்லை, சர்க்கரை இல்லை. சர்க்கரை கேட்டதற்கு அந்தப் பையன், போட்டால் காப்பியின் ருசி கெட்டுவிடும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினான். இன்னொரு கடையில் சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு கடையிலும் மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள், ஒரு வாய் குடிப்பாள், இது இல்லை என்று எழுந்துவிடுவாள். மீதியை வீணாக்கக் கூடாதென்று நான்தான் குடித்துக் குடித்து நெஞ்சு படபடவென்று அடிக்க உட்கார்ந்திருந்தேன்.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் சின்னக் கடை. நடத்துகிறவர் பெயர் வக்கார். அங்கேயும் புளி வாசம் இல்லை. ஆனால் அக்கா தயங்கித் தயங்கிச் சர்க்கரை கேட்டபோது, அவர் டப்பாவையே எடுத்து முன்னால் வைத்துவிட்டார். எந்த ஊர் என்று விசாரித்தார்.

"நம்ம வூடு வாணியம்பாடிங்க. மாடில நின்னா உங்க மலதான் தெரியும். உங்க காப்பி ஒரு கைப்பிடி அனுப்புங்களேன், குடிச்சுப் பாக்கணும்" என்றார்.

அக்கா நிறையச் சர்க்கரை போட்டு அந்தக் காப்பியை முழுசாகக் குடித்தாள். அன்றைக்கு அவள் முழுசாகக் குடித்தது அது ஒன்றுதான், அதற்கடுத்த கடைக்குப் போகும்வரை.

அடுத்த கடை பெரியது. கண்ணாடிச் சுவர், உள்ளே குளிர். கதவைத் திறந்ததுமே அக்கா நின்றுவிட்டாள். எனக்கும் தெரிந்துவிட்டது, எங்கள் பாறையில் தார்ப்பாயைத் தூக்கும்போது வருகிற அதே வாசம். சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. கை நிறையக் காப்பிப் பழத்தோடு குணசீலன் சிரிக்கிறார். அவர் நிற்பது எங்கள் பாறை. ஓரத்தில் அக்காவின் நீலத் தார்ப்பாய்கூடத் தெரிகிறது, அக்கா இல்லை. படத்தின் கீழே இங்கிலீஷில் இருந்ததைக் கல்லாவில் இருந்த பெண் பெருமையாகத் தமிழில் சொன்னாள். குணசீலன் சார் மலையிலேயே தங்கி, மக்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவரே கண்டுபிடித்த முறையாம், புளியோடு சேர்த்துக் காப்பியைக் காயவைப்பது.

காப்பி வாங்கிக்கொண்டு படத்துக்கு எதிரில் உட்கார்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்தைக் கிழித்துப் போடணும் என்று எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் இறுகியிருந்தது. துப்பினவன் அதையே விற்கிறான் என்பதைவிட, அந்தப் படத்தில் தனக்கு நிற்க ஒரு ஓரம்கூட இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. வெளியே வந்ததும் ரமேஷிடம் வக்காரின் போன் நம்பரை வாங்கி வரச் சொன்னாள்.

"அந்தாளு வருவான். வரட்டும்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அடுத்த விளைச்சலுக்கு அக்கா பாறையைக் கழுவிவிட்டாள். வலைக் கட்டில் கட்டி, அதன்மேல் கொஞ்சம் பழத்தைப் பரப்பினாள். ஊரார் பார்க்கிற இடத்தில் அவ்வளவுதான் காய்ந்தது. பாறையில் புளியின் ஒரு ஓடுகூட இல்லை. இந்த வருஷம் விளைச்சல் கம்மி என்று சொல்லிக்கொண்டாள், என் வீட்டுக்காரரும் நம்பினார். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறை இருக்கிறது. அங்கே சாயங்காலம் தார்ப்பாயின் ஒரு நுனியை அவள் பிடிப்பாள், மறு நுனியை நான் பிடிப்பேன். விறகுக்குப் போனதாக வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

குணசீலன் வந்தார். இந்தத் தடவை படம் எடுக்கவென்றே ஒரு ஆளும் கூட வந்தான். இறங்கும்போதே அக்கா அக்கா என்று தேன் ஒழுகியது. ஊர் மறுபடி பாறையில் கூடியது. அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் கூடின இடத்தில் ஒருவரைக் கேவலமாகப் பேசினால், அதே இடத்தில், அதே ஊர் பார்க்க, பேசினவர் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு வாங்கினவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தால்தான் அது தீர்ந்ததாகக் கணக்கு. அக்கா ஊர்கவுண்டரைப் பார்த்து அந்த வழக்கத்தைக் கேட்டாள். கவுண்டர் குணசீலனுக்கு விளக்கிச் சொன்னார்.

நான் அவர் திணறுவார் என்று நினைத்தேன். அவர் திணறவில்லை. கூட வந்தவனை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, கை கூப்பி, "தப்பா சொல்லிட்டேங்க, வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஊருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. பைசா செலவில்லாத சொல் அது, அவருக்கு அதை எங்கே வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம்.

அக்கா தண்ணீருக்குப் பதில் காப்பி கொடுத்தாள். உறிஞ்சினார். இன்னொரு வாய் உறிஞ்சினார். சிரிப்பு மெதுவாக இறங்கியது. புளி வாசம் எங்கே என்று கேட்டார்.

"நீங்க சொன்னபடிதாங்க. புளிய தூரமாப் போட்டேன். வலை கட்டினேன்" என்றாள் அக்கா.

அவர் குரல் மாறிவிட்டது. பழைய மாதிரியே காயப்போடச் சொன்னார், கடையில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார், இது வெறும் காப்பி, இது தனக்கு வேண்டாம் என்றார். வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்தார். சொன்னது சொன்னதுதான், நாளைக்கே செடிகளைப் பிடுங்கப்போகிறேன் என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"சின்னராசு, அன்னிக்கு நீதான் ஒசக்கச் சிரிச்ச. சிரிச்சத நீயும் திரும்ப எடுத்துக்க" என்றாள்.

ஊர்கவுண்டர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கூடைக்குள் துணி சுற்றி வைத்திருந்த இன்னொரு தூக்குவாளியை நான்தான் எடுத்தேன். மூடியைத் திறந்ததும் வாசம் பாறை முழுக்கப் பரவியது. டம்ளரில் ஊற்றி, அக்கா கையில் கொடுத்தேன். அவள் நீட்டினாள். அவர் வாங்கிக் குனிந்த தலையோடு குடித்தார், சிரிச்சது தப்பு அண்ணி என்று முணுமுணுத்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தது.

குணசீலன் அந்தத் தூக்கை நோக்கி வந்தேவிட்டார். இதுதான், இதேதான், எத்தனை மூட்டை இருக்கிறது என்றார். அக்கா என் வீட்டுக்காரரிடமே பதில் சொன்னாள். மூட்டையெல்லாம் ரமேஷ் மூலமாக ராயப்பேட்டையில் வக்கார் என்பவர் கடைக்குப் போகிறது. அனுப்பின ஒரு கைப்பிடியைக் குடித்துப் பார்த்துவிட்டு, இனி வருகிற விளைச்சலையும் அவரே கேட்டிருக்கிறார். சுவரில் படம் போட்டால் அக்காவின் படத்தைத்தான் போடுவாராம். செடிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

குணசீலன் கெஞ்ச ஆரம்பித்தார். கையைக் குவித்து, ஒரு வாய், ருசி பார்க்க மட்டும் ஒரே ஒரு வாய் என்றார். வீடியோக்காரன் எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

அக்கா தூக்கை வாங்கினாள். அவர் முகம் மலர்ந்தது. அவள் குனிந்து, அன்றைக்கு அவர் துப்பின அதே இடத்தில், மீதிக் காப்பி முழுவதையும் பாறை மேல் ஊற்றினாள். வெயிலில் சுட்டிருந்த பாறையிலிருந்து ஆவி கிளம்பியது.

"சொன்னத எடுத்துக்கினீங்க. துப்பினத எடுக்கலியே. அங்கதான் கீது, எடுத்துக்கோங்க" என்றாள்.

பிறகு தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, வலைக் கட்டிலை அவிழ்க்கப் போனாள்.