ஓடு நிற்கும் இடம்

போன வாரம் எங்கள் தென்காசி வீட்டுக்கு ஓடு மாற்றினோம். ஆனி பிறக்கப்போகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் கூடத்திலும் ஒரு அருவி விழும். சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அதிலேயே குளித்துவிட்டுப் போகலாம்!

கொல்லத்திலிருந்து ரயிலில் வந்த ஓடுகள் முற்றத்தில் அடுக்கப்பட்டிருந்தன. கீழே நின்று ஒவ்வொன்றாக மேலே எறிகிறவள் இசக்கியம்மாள். கூரை விளிம்பில் உட்கார்ந்து பிடிக்கிறவன் அவள் புருஷன் சுடலை. மலைக்காய்ச்சலில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தவன், அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். மேஸ்திரி முதலிலேயே சொல்லிவிட்டார் – "ஓடு உடைஞ்சா வேற ஆளு பாத்திருவேன், வருத்தப்படாத."

முதல் ஓடு கீழே விழுந்து உடைந்தது. இரண்டாவது... அதுவும். மூன்றாவதை எட்டிப் பிடிக்கப் போய்ச் சுடலையே தலைகுப்புற வந்திருப்பான். மேஸ்திரி வாயைத் திறந்தார். அதற்குள் மேலேயிருந்து ஒரு அதட்டல்.

"ஏட்டி! எனக்கு எறியுதியா, சீக்காளிக்கு எறியுதியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெலிந்த புருஷனுக்குக் கை வலிக்குமே என்று, பாவம், தோளை வழக்கம்போல் வீசிவிட்டுக் கடைசி நொடியில் வேகத்தை அடக்கியிருக்கிறாள். அவன் கை பழைய இடத்தில் காத்திருக்கிறது. ஓடோ ஒரு முழம் கீழேயே திரும்பிவிடுகிறது.

இசக்கி முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணைத் துடைத்தாளோ என்னவோ... எறிந்தாள் பாருங்கள்!

ஓடு விர்ரென்று ஏறியது. ஏற ஏற வேகம் தணிந்தது. உச்சியில், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு கணம் சும்மா நின்றது. சரியாக அந்த இடத்தில், அதற்கு முன்பே, சுடலையின் கை இருந்தது! பூப்பறிப்பதுபோல் எடுத்து வைத்தான். அடுத்தது... அதற்கடுத்தது... அப்புறம் ஒன்றுகூட உடையவில்லை. மேஸ்திரி வெற்றிலை போடப் போய்விட்டார்.

நான் காலேஜில் கணக்குப் படித்தவன். எறிந்த பொருள் எங்கே போய் நிற்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு அரைத்தாள் வேண்டும். பூமி இழுக்கிற இழுப்பை இந்த மனிதன் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சிலிர்த்துப்போய்விட்டேன். அவனிடமே கேட்டேன்.

"தெரியலைய்யா. அவ தோளு அசையும்போதே கை போயிருது."

இன்னொன்றையும் கவனித்தேன். ஓடு கையை விட்டதும் இசக்கி அடுத்ததை எடுக்கக் குனிந்துவிடுகிறாள். மேலே பார்ப்பதே இல்லை. "தலையில விழுந்தா என்னம்மா செய்வ?" என்றேன்.

"அவுக பிடிச்சிருவாவ. பாத்துக்கிட்டே நின்னா, நம்பலன்னுல்லா ஆவும்?"

இதற்குமேல் தாம்பத்தியத்தைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது? மனம் நெகிழ்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே, கிணற்றடியில் நின்ற என் மனைவியிடம் "இந்தா!" என்று பெட்டிச் சாவிக்கொத்தை எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

யாரிடமாவது கிணற்றில் துழாவுகிற பாதாளக் கரண்டி இருந்தால் உடனே கொடுத்தனுப்புங்கள்.