சீவாமல் விட்ட பலகை

கரீம் நானாவின் மரணச் செய்தி வந்தபோது நான் முழங்காலில் இருந்து முன்னறைப் பலகை நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மூத்த மகன் கிண்ணியாவிலிருந்து துறையைக் கடக்கும் முதல் படகில் வந்து, சைக்கிளை வாசல் படலையில் சாத்திவிட்டு, "மாமி, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றான். நான் கையிலிருந்த துணியைப் பிழிந்தேன். ஒரு சொட்டும் விழாத துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தேன். சொட்டும் துணியைப் பலகையில் வைக்கக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தவரே அவர்தான்.

துறைமுக மரவேலைப் பட்டறையில் அவரோடு நின்றவர்களுக்கு அவருடைய கைத்திறனும் தெரியும், கோபமும் தெரியும். எனக்கு அவர் என் கணவரின் கூட்டாளி. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். என் மகள் வசுகிக்கு ஒரு நிலம் போட்டுத் தந்தவர்.

வசுகிக்கு அப்போது மூன்று வயது. இளம்பிள்ளைவாதம் இடது காலைத் தின்றுவிட்டிருந்தது. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியாதீங்கோ, நிலத்தில விடுங்கோ. தானாக எழும்பப் பார்க்கட்டும்" என்றார் டொக்டர். எங்கள் வீட்டுச் சீமெந்து நிலமோ வெடித்துச் சொரசொரத்தது. பொழுதுபடுவதற்குள் பிள்ளையின் முழங்கால் இரண்டும் புண்ணாகிவிடும். மனம் கேட்காமல் நான் மறுபடியும் தூக்கத் தொடங்கினேன். இதைக் கேள்விப்பட்ட கரீம் நானா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார்.

வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடமொன்றை உடைத்தபோது வந்த பழைய முதிரைப் பலகைகளை அவரே தெரிந்தெடுத்தார். புதுப் பலகை பளபளவென்று இருக்குமே என்றேன். "பளபளப்பு ரெண்டு மழைக்குத் தங்காது. இது முறுக்கிறதெல்லாம் முறுக்கி முடிச்ச மரம்" என்றார். ஒவ்வொரு பலகையிலும் தன் முன்கையின் உட்பக்கத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போன மனிதர் அல்லவா? "பிள்ளையின்ட தோல் எனக்கு இங்கதான் இருக்கு, தங்கச்சி" என்றார். அன்று பின்னேரம் அந்தக் கை முழுக்கக் கீறல்.

பலகைகளை அறைக்குள் அடுக்கிவிட்டு மனிதர் ஒரு மாதம் ஆணியே தொடவில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "என்ன நானா, வீடு மரக்காலை மாதிரிக் கிடக்கு" என்று சத்தம் போட்டேன். "பலகை உங்கட வீட்டுக் காத்தைப் பழகோணும். புது மருமகள் மாதிரி. வந்த அண்டைக்கே வேலை வாங்கினா முறுக்கிக்கொள்ளும்" என்றார். நிலம் போட்டு முடிந்ததும் வசுகி அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வழுக்கித் திரிந்தாள். முழங்காலில் ஒரு கீறல் இல்லை.

பிறகு பொங்கல் வந்தது. மணலைக் கூட்டுங்கோ, பிழிந்த துணியால் துடையுங்கோ, வேறொன்றும் வேண்டாம் என்று நானா தலைதலையாய் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பொங்கலுக்கு வீடு கழுவாமல் விடுவதா? முதல் நாள், மஞ்சள் கரைத்து, ஆறு வாளி தண்ணீரை அந்தப் பலகைகளின் மேல் ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினேன். மூன்றாம் நாள் பலகைகளின் ஓரங்கள் கிளம்பின. ஓர் ஆணித்தலை வசுகியின் உள்ளங்கையைக் கிழித்தது. அதோடு அவள் நிலத்தில் இறங்க மறுத்துவிட்டாள். என் பிள்ளை எழும்பி நடக்க இருந்த ஒரே இடத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று குசினிக்குள் இருந்து அழுதேன்.

நானா வந்து பார்த்தார். இடி விழப்போகிறது என்று நின்றேன்.

"எத்தின வாளி?"

"ஆறு."

"மஞ்சளும் போட்டீங்களா?"

"ஓம்."

மனிதர் வாசற்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. பிறகு கிளம்பிய ஆணிகளைப் பிடுங்கிப் பாயை விரித்தார். "ஒருத்தரும் தொடவேணாம். யன்னலைத் திறந்து விடுங்க. இப்ப சீவினா, காஞ்ச பிறகு ஓரமெல்லாம் பள்ளமாப் போகும். தண்ணி தானாப் போகட்டும்."

பங்குனிக்குள் பலகைகள் ஒவ்வொன்றாகப் படிந்தன. யன்னலடிப் பலகை ஒன்று மட்டும் ஒரு விரற்கடை உயர்ந்தே நின்றது. அதைச் சரிபண்ண நானா சீவுளியோடு வந்த காலையில் வசுகி அங்கே இருந்தாள். அந்த உயர்ந்த ஓரத்தில் இடது பாதத்தை முட்டுக்கொடுத்து, யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

நானா சீவுளியைப் பைக்குள் திருப்பி வைத்தார். கண்ணாடித் துண்டொன்றால் அந்த ஓரத்தின் கூர்மையை மட்டும் வழித்தெடுத்தார். கண் கலங்கியிருந்தது. "இது கிடக்கட்டும். இது என்ட வேலை இல்ல, தங்கச்சி. உங்கட ஆறு வாளியும் அல்லாஹ்வும் செய்த வேலை" என்றார்.

வசுகி இன்று சாம்பல்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறாள். காலில் இரும்புக் கட்டும் கையில் ஒரு தடியும் உண்டு. தானே பஸ் ஏறிப் போய்வருகிறாள். நானாவோ ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முதல் நாள் தவறாமல் படலையடிக்கு வந்து, தெருவே கேட்க, "தங்கச்சி, கிணத்தில தண்ணி மிச்சமிருக்கா?" என்று கத்துவார். நான் விளக்குமாற்றைக் காட்டுவேன். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

மார்கழியில் அவர் போனார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது பிழிந்த துணியால் துடைக்கும் பழக்கமும், சீவாத ஒரு பலகையும், அந்தக் கேள்வியும்தான். இந்தப் பொங்கலுக்கு முதல் நாள் நிலத்தைத் துடைத்துக்கொண்டே படலைப் பக்கம் காதைக் கொடுத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

யன்னலடியில் வசுகி நின்றாள். இடது பாதம் அந்தப் பலகையின் ஓரத்தில் இருந்தது.

"அம்மா, கிணத்தில தண்ணி மிச்சமிருக்கா?"

அழுதபடியே சிரித்துவிட்டேன். "கிடக்கு நானா" என்றேன். "ஆறு வாளி கிடக்கு."