மூன்று கணுப் பூச்சி

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த பிச்சுமணிக்கு ஊரில் வேறு யாருக்கும் இல்லாத லட்சியம் ஒன்று இருந்தது: ஒரு பூச்சிக்குப் பெயர் வைக்க வேண்டும். 1958-இல், முந்திரித் தளிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சிப் பேரினம் ஒன்றை வடக்கே ஓர் ஆராய்ச்சியாளர் புதிதாக வகைப்படுத்திக்கொண்டிருந்தார். பூச்சி அனுப்புங்கள் என்று பத்திரிகையில் கேட்டிருந்தார். அந்த அறிவிப்பை நாட்டில் படித்த ஒரே மனிதர் பிச்சுமணியாகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் சைக்கிளில் இடக்கொச்சிக்குப் போய் முந்திரி மரத்தடியில் தவழ்வார். உயிருள்ளதைத் தொடமாட்டார்; பாலக்காட்டு அக்ரகாரத்துப் பிள்ளை கொலை செய்யலாமோ? தானாகச் செத்து விழுந்ததை மட்டும் எறும்புகளோடு போட்டியிட்டுப் பொறுக்குவார். இப்படியாக, விஞ்ஞானத்துக்கும் தர்மத்துக்கும் ஒரே சமயத்தில் தொண்டாற்றினார்.

அந்தப் பேரினத்தில் எல்லாப் பூச்சிக்கும் உணர்கொம்பில் நான்கு கணுக்கள். இவர் பொறுக்கிய பதினொன்றுக்கும் மூன்றே. ஆகவே புதிய இனம்!

"கமலாக்ஷி, உன் பேரைத்தான் வைக்கப் போறேன்."

"மருந்தடிச்சுக் கொல்ற ஜந்துவுக்கா எம் பேரு?"

"சாஸ்திரத்திலே என்னிக்கும் நிக்கும்டீ!"

"ரேஷன் கார்டிலே நிக்கறது போறும் நேக்கு" என்றாள் மனைவி. சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கும் சொல்லிவிட்டாள்.

பதினொன்றையும் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பி நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கணு குறையவில்லை, நுனி ஒடிந்திருக்கிறது. உயிரோடு பிடித்துக் கொன்ற பூச்சி ஒன்று அனுப்பினால் முடிவு சொல்லலாம்.

பிடித்தார். கொல்லத்தான் கை வரவில்லை. மூன்று நாள் பாட்டிலுக்குள் தளிர் போட்டு வளர்த்தார்.

"ஏன்னா, மாப்பிள்ளையா அழைச்சுண்டு வந்திருக்கேள்? விருந்து பலமா இருக்கே!"

கமலாக்ஷியே ஸ்பிரிட்டை ஊற்றினாள். "பாபம் நேக்கு. பேரும் நேக்குத்தானே?"

பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாவது கணு நீளமாக, திவ்யமாக இருந்தது. நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினால் கமலாக்ஷி என்றென்றும் நிற்பாள். பிச்சுமணி நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் 'புதிய இன'த்தைத் தள்ளிவிடும்படி ஆராய்ச்சியாளருக்கு நல்ல கையெழுத்தில் எழுதினார்.

"எத்தனை?" என்றாள்.

"நாலு."

"அப்போ வீணாக் கொன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் அடுத்த வீட்டு அம்மிணி, பூச்சிக்கு வைக்கவிருந்த பெயர் என்னவாயிற்று என்று விசாரித்தாள்.

"பூச்சிக்கெல்லாம் எம் பேரை வைக்கப்படாதுன்னு நான்தான் தடுத்துட்டேன். அவர் லேசிலே கேட்டாத்தானே! அழுதுண்டே சம்மதிச்சார்."