விளக்கோடு அணைந்த கேமரா

என் பெரியம்மா மகளைத் தெருவில் எல்லோரும் ஏணியக்கா என்பார்கள். வீட்டு வாசல், கடை வாசல்களில் கேமரா மாட்டுவது அவள் தொழில். ஏணியில் ஏறினாலும் இறங்கினாலும் மூக்கு நுனியில் கோபம். அவளோடு வெளியே போவதென்றால் நான் ஓரடி பின்னாலேயே நடப்பேன்.

அன்று பெயின்ட் கிடங்கு முதலாளி கூப்பிட்டார். பட்டப்பகலில் வாசலில் இறக்கி வைத்த டின்கள் காணோம். அந்த நேரத்துக்குக் கேமராவில் படமும் இல்லை. திருடனுக்கு உடந்தையாகக் காவல்காரர் அணைத்துவிட்டார் என்று சொல்லி அவரை வேலையைவிட்டுத் துரத்தியிருந்தார். நாங்கள் போனபோது அந்த மனிதர் கேட்டுக்கு வெளியே, சீருடைச் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"கேமராவ நான் தொட்டதே இல்லம்மா. லைட்டத்தான் அணைச்சேன்."

அக்கா முகம் சிவந்து உள்ளே போனாள்.

"அந்த லைட்டுலேர்ந்துதானே கேமராவுக்குக் கரன்ட் போகுது? தனி லைன் இழுக்கணும்னு தலையில அடிச்சுக்கிட்டேன். சுவரு அசிங்கமாயிடும்னீங்க. அப்போ சுவிட்சத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"தொட்டது நானா? அவன்தானே!"

கேமராவோடு வாசலில் மாட்டிய மைக்குக்கு மட்டும் அக்கா ஆபீசுக்குள்ளிருந்து தனி அடாப்டரில் கரன்ட் கொடுத்திருந்தாள்; படம் போனாலும் சத்தம் பதிவாகியிருந்தது. பதிவை ஓடவிட்டாள். முதலாளியின் குரல் கணீரென்று வந்தது: "பகல்ல எதுக்குய்யா லைட்டு? அணைச்சிட்டுப் போயி சிகரெட் வாங்கிட்டு வா."

சுவிட்ச் சத்தம். திரை கறுத்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு ஏதோ வண்டி வந்து நிற்க, டின்கள் ஒன்றோடொன்று மோதின.

"சுவிட்ச அணைக்கச் சொன்னதும் நீங்க, ஆள வெளிய அனுப்பினதும் நீங்க. இது உங்க குரல்தானே? இல்ல, வேற யாராச்சும் இங்க இப்படிக் குரைப்பாங்களா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

"சரி, சரி. வேலைக்கு வரட்டும். அப்புறமா அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்ன அப்புறம்? திருடன்னு தெருவே கேக்கத்தானே கத்தினீங்க?"

முதலாளி கேட்டுக்குப் போய், காவல்காரரின் தோளில் கைபோட்டு மூலைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அங்க வேணாம்! மைக்குக்குக் கேக்காது. இங்க வந்து சொல்லுங்க!"

முதலாளி அவரோடு திரும்பி வந்து மைக்குக்கு நேர் கீழே நின்றார். மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். காவல்காரர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டிவிட்டுச் சொன்னார்:

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, முதலாளி."