யோசேப்புக்குப் பால் கொடுத்தவள்

சபையாரே, நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்று நான் எழும்பி நிற்கவும் இல்லை. உண்மையான ஆவிக்குரிய வாழ்க்கை எது, தேவ அன்பு எது என்று அவரவர் அனுபவத்திலிருந்து சாட்சி சொல்லும்படி போதகர் ஐயா கேட்டார். போன கூட்டத்தில் எல்லாரும் அழகாகச் சொன்னீர்கள். சிலர் கண்ணீரும் விட்டீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இன்று வாய் திறக்கிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது என் மகன் யோசேப்பு பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் பொத்துவில் தபால் கந்தோரில் கிளாக்கர். நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரமுடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். அக்கரைப்பற்றுக்கு அப்பால் வீதியே இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. பாண்டிருப்பு எல்லையில் இருக்கிற எங்கள் வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் மருதமுனை, முஸ்லிம் சோனகர்களின் ஊர். அந்த வளவில் சுபைதா என்ற ஒருத்தி இருந்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். வீட்டில் நாலு தறி. விடிந்தால் டக்கு டக்கென்று தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வேதத்தைத் திறந்து வைத்தால் அந்தச் சத்தத்தில் ஒரு வரி மனதில் நிற்காது. அது போதாதென்று நூலுக்குச் சாயம் போட்டு மிஞ்சிய தண்ணீரை வேலியோரமாக ஊற்றுவார்கள். அது வழிந்து எங்கள் கிணற்றடிக்கு வரும். கோயிலுக்கு என்று வைத்திருந்த என் வெள்ளைச் சேலையில் சிவப்புச் சாயம் பிடித்தது. நான் ஊரை நிர்வகிக்கிற விதானையாரிடம் போய் முறைப்பாடு செய்தேன். அவர் வந்து அவர்களை ஏசிவிட்டுப் போனார். அன்றோடு எனக்கும் சுபைதாவுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சாயத்தண்ணீர் விஷயத்தில் இன்றைக்கும் நான் சொன்னதுதான் நியாயம். அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மழை விடாமல் கொட்டிய அந்தக் கிழமையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கண் திறக்கமுடியாத காய்ச்சல். அது கொஞ்சம் தணிந்தபோது பால் வற்றிப்போயிருந்தது. பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதான். பால்மா வாங்கலாம் என்றால் கடைகளுக்குள் தண்ணீர். மாடு வைத்திருந்தவர்கள் மாடுகளைத் தேடித் திரிந்தார்கள். ஆசுபத்திரிக்குப் போகும் வீதியில் ஆள் நீந்தவேண்டும். கஞ்சித் தெளிவைச் சங்கில் எடுத்துப் பருக்கினேன். அவன் அதை அப்படியே கக்கினான்.

நான் முழங்காலில் நின்றேன். அதைவிட வேறென்ன செய்வது? ஆண்டவரே, பால் தாரும். வேறொன்றும் கேட்கவில்லை, பால் தாரும். அதுதான் என் ஜெபம்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம்முடைய ஜெபக்குழுத் தலைவி, இங்கே முன் வரிசையில் இருக்கிற தங்கம் அக்கா, அவருடைய மருமகளுக்கும் கைக்குழந்தை. அந்தப் பிள்ளை குடித்து மிஞ்சிய பால் அவளுடைய சட்டையை நனைத்ததை நானே கண்டிருக்கிறேன். இதுதான் ஆண்டவர் காட்டுகிற வழி என்று நம்பினேன். பிள்ளையைத் துணியில் சுற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காய்ச்சல் உடம்போடு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

உள்ளே நத்தார்ப் பலகாரம் சுடுகிற மணம். தங்கம் அக்கா என்னை விறாந்தையில் இருத்தி, பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். நீண்ட ஜெபம். முடிந்ததும் நான் கேட்டேன்.

"அக்கா, உங்கட மருமகள் ஒருக்காப் பால் குடுத்தால் பிள்ளை பிழைச்சிருவான்."

அவர் முகம் மாறியது. "அதெப்படிப் பிள்ளை? அவளுக்கே காணாது. விசுவாசம் குறைஞ்ச இடத்திலதான் பால் வத்தும். நீ நல்லா ஜெபம் பண்ணு, நாங்களும் பண்றம்."

மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். பாவம், அவள் தருவாள் என்றுதான் நினைக்கிறேன். அக்கா திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பிறகு எனக்குக் கோப்பி வந்தது. வீட்டில் எல்லாரும் குடிக்கிற கோப்பையில் அல்ல. எங்கள் ஆட்களுக்கு என்று கூரையில் செருகி வைத்திருக்கும் தகரப் பேணியில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே குறைந்தது பாலும் அல்ல, என் விசுவாசமும் அல்ல. என் தகப்பன் இன்ன சாதி என்பதுதான் அந்தப் பேணியில் இருந்தது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் என்னோடு குடிக்கிறவர்கள் அவர்கள். என் பிள்ளைக்கு ஒரு வாய்ப் பால் தரமுடியாது.

அக்கா, நீங்கள் தலையைக் குனியவேண்டாம். நான் இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லாமல் இரண்டு வருஷம் வைத்திருந்ததுதான் பிழை.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். ஜெபம் என்று அதைச் சொல்லமுடியாது. உமக்குக் காது இருக்கிறதா? பாலனாக வந்த உமக்கு ஒரு பாலனின் பசி தெரியாதா? உம்முடைய ஆட்கள் பலகாரம் சுடுகிறார்கள், என் பிள்ளை சாகிறான். இவன் செத்தால் இந்த வேதத்தைத் தூக்கி வெள்ளத்தில் போடுவேன். இப்படியெல்லாம் கத்தினேன். பிள்ளையின் அழுகை அப்போது அழுகையாகவே இல்லை. ஒரு பூனைக்குட்டியின் முனகல் போல இருந்தது.

வெள்ளத்தில் சுபைதா வீட்டுத் தறிக்குழிகள் நிரம்பியிருந்தன. தறி ஓடவில்லை. எத்தனை ஞாயிறு அந்தச் சத்தத்தை நிறுத்தும் ஆண்டவரே என்று நான் கேட்டிருப்பேன்! அன்று அது நின்றிருந்தது. அதனால்தான் அவளுக்கு என் பிள்ளையின் குரல் கேட்டது.

வேலியில் கம்பு முறிகிற சத்தம் கேட்டு எழும்பிப் பார்த்தேன். சுபைதா கிடுகு ஓலைகளைப் பிய்த்து எறிந்துகொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை.

"ஏன்கா, இந்தப் புள்ள முந்தாநாள் அப்படிக் கத்தினான், இண்டைக்கி முனகிறான். நீ என்ன, கண்ண மூடிக்கிட்டு இரிக்கியா?"

"பால் இல்ல" என்றேன்.

"பாலில்லாட்டி வாயுமில்லையா? விதானைட்டப் போக மட்டும் வாய் இரிந்திச்சே!"

அந்த நேரத்தில் அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவளுக்கும் அப்போது ஒரு பெண் குழந்தை, தவழ்கிற வயது. பிள்ளையைப் பாயிலிருந்து எடுத்தாள். மடியில் வைத்தாள். முந்தானைக்குள் விடுவதற்கு முன்னால் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. என்ட பாலக் குடிச்சா இவன் என்ட புள்ள. பொறகு நீயும் மாத்தேலா, நானும் மாத்தேலா. ஓமா, இல்லையா?"

 இதுதான் விலை என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தொப்பி போட்டுப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவாள், பிள்ளை இனி எனக்கும் இல்லை, நம் சபைக்கும் இல்லை என்று நினைத்தேன். நான் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் முனகலும் நின்றது.

"ஓம், எடு" என்றேன்.

அவன் குடித்தான். முதலில் அவனுக்கு உறிஞ்சவே பலமில்லை. அவள் தன் விரலால் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு பிடித்துக் குடிக்கவைத்தாள். அவன் தொண்டை அசைந்ததைப் பார்த்து நான் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதேன். "அழுது என்னத்துக்கு? போய்க் கஞ்சி வெச்சுக் குடி" என்றாள் அவள். "பேரென்ன?" என்று கேட்டாள். யோசேப்பு என்றேன். "அப்ப யூசுப்" என்றாள். அவர்களுக்கு யோசேப்பு யூசுப்தான். இப்போதே பெயரை மாற்றிவிட்டாளே!

தண்ணீர் வடியும்வரை ஒவ்வொரு நாளும் பல தடவை அந்த வேலி உடைப்பால் வந்தாள். வரும்போதெல்லாம் ஏசினாள். வீடு குப்பை என்றாள், நான் சோம்பேறி என்றாள், பிள்ளையைத் துடைக்கத் தெரியாது என்றாள். கஞ்சியும் மீன் சொதியும் கொண்டுவந்து, "இத ஊத்திக் குடி, செத்துத் தொலையாத" என்றாள். அவள் போனபின் நான் ஆண்டவரிடம் கேட்டது என்ன தெரியுமா? இவளுடைய பால் வேண்டும், இவள் வேண்டாம். என் கணவர் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓட வழிகாட்டும். என் பிள்ளைக்கு உயிர் கொடுக்கிறவளை நான் வாய் நிறையச் சபித்தேன்.

வீதி திறந்து என் கணவர் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். அவர் காலடியில் விழுந்து, "பிள்ளையக் குடுத்திட்டன்" என்று சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். "உயிரோட இருக்கான்தானே" என்றார். அதற்குமேல் அந்த நல்ல மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் பேசுவதற்கு நம் சபையில் ஆட்களுக்கா பஞ்சம்! வெள்ளத்தில் ஒருவரும் வரவில்லை. வெள்ளம் வடிந்து, கிளாக்கர் பெண்சாதி பிள்ளையைச் சோனகத்திக்குக் கொடுத்துவிட்டாளாம் என்று கதை பரவியதும் ஜெபக்குழுவே திரண்டு வந்தது. ஆத்துமாவை மீட்க வந்தார்களாம். தங்கம் அக்கா முன்னால் நடக்க, எல்லாரும் அந்த வேலி உடைப்பால் சுபைதாவின் வளவுக்குள் போனோம். நானும் போனேன். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு போனேன்.

சுபைதா நனைந்த நூலை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். "என்ன, கூட்டமா வாறீங்க?" என்றாள்.

"பிள்ளையக் கர்த்தருக்கெண்டு வைச்சிருக்கிறம். உனக்குத் தர ஏலாது" என்றார் தங்கம் அக்கா.

சுபைதா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "என்ட புள்ள எண்டு நீதானே சொன்ன" என்றேன் நான். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். அவ்வளவு கோபத்தை நான் ஒரு முகத்திலும் கண்டதில்லை.

"ஆருகா ஒண்ட புள்ளையக் கேட்ட? பால்குடி உறவெண்டா மார்க்கம் மாத்துறயா? எங்கட வழக்கத்தில பால் குடுத்தவ உம்மா மாதிரி. என்ட மகள் இவனுக்குக் கூடப்பொறந்தவ மாதிரி, நாளைக்கி இவனுக்குக் கட்டிக் குடுக்கேலா. இவன் பசியில கிடந்தா படைச்சவன் என்னட்டக் கேப்பான். அதத்தான் நான் உன்னட்டச் சொன்ன. கட்டுப்பட்டது நான், நீயில்ல."

பிறகு தங்கம் அக்காவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் புள்ள முனகின நேரம் நீங்கெல்லாம் எங்க இரிந்த?"

 ஜெபக்குழு வந்த வழியே திரும்பிப் போனது. போகும்போது ஜெபம் பண்ணவும் இல்லை.

நான் அங்கேயே மண்ணில் இருந்துவிட்டேன். எனக்கு அன்றுதான் கண் திறந்தது, சபையாரே. தேவ அன்பு என்றால் இனிமையான பேச்சு, உருகுகிற மனசு என்று நினைத்திருந்தேன். என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒருத்தியின் பிள்ளைக்குத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தபின் என்னைக் கட்டிப்போடாமல் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டாள். நாம் திருவிருந்தில் முழங்காலில் நின்று, ஆண்டவர் தம் உடலையே நமக்குத் தந்தார் என்று சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த வளவில்தான் தெரியவந்தது. நான் பால் கேட்டேன். அவர் பால் தந்தார். எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேனோ, அந்த வீட்டிலிருந்து அவர் தரவில்லை. ஸ்தோத்திரம். அவருக்குக் காது இருக்கிறது.

மறு வருஷம் யோசேப்புக்கு ஞானஸ்நானம். நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். ஞானத்தாயாக நிற்க எத்தனை பேர் முன்வந்தீர்கள் என்பதும் எனக்கு ஞாபகம். போதகர் தலையில் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை வீரிட்டான். அப்போது வாசலுக்கு வெளியே, வீதியில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி போட்ட சத்தம் உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

"யூசுப்பிட தலையத் துடையுங்கோ! சளி புடிக்கும்!"

நீங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். தங்கம் அக்கா என் காதோரம் குனிந்து, தெரியாதவர் போல, "ஆர் அது?" என்று கேட்டார்.

"தாய்" என்றேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். துணிந்து கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் பதில் இன்னாருடைய கையால்தான் வரவேண்டும் என்று அவருக்குக் கட்டளை போடாதீர்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை முனகினால் முழங்காலில் நின்றது போதும் என்று எழும்பிப் போங்கள். தகரப் பேணிகளைத் தூக்கி எறியுங்கள்.

அவள் பிய்த்த வேலியை நாங்கள் இன்னும் அடைக்கவில்லை. யோசேப்பு அதால்தான் ஓடிப்போய் அவள் வீட்டில் சோறு தின்கிறான். சாயத்தண்ணீரும் அதால்தான் வருகிறது. நேற்றும் அதற்காக நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை பிடித்தோம்.