தாய் மெஷின்

சிற்றாறு பார்சல் சர்வீஸில் சித்ரலேகா வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் துணி போர்த்திச் சந்தனப் பொட்டு வைத்து, கணக்குப்பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள். அவள் வந்த அன்றே துணியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். அதற்கே இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சிந்துபூந்துறையில் மின்வாரிய குமாஸ்தா ஒருவரின் மகள் அவள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பி.ஏ. தமிழுக்கு அனுப்பச் சொன்னபோது பிடிவாதமாக எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தாள். அப்பா இறந்தபின் அம்மாவையும் வீட்டையும் தாங்கியது அந்தப் படிப்புதான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்து ஒவ்வொரு காரணத்துக்காக நின்றுபோயிற்று. முப்பது தாண்டியதும் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவளும் அதற்காக உட்கார்ந்து அழுததில்லை.

முதலாளி பாலசுப்பிரமணியன் வாழைத்தார் ஏற்றும் லாரி ஒன்றோடு தொழிலைத் தொடங்கியவர். அம்பாசமுத்திரம் முதல் காயல்பட்டினம் வரை ஆற்றோடு கூடவே அவருடைய கிளைகளும் இறங்கிப் போயின. வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அந்தக் கிளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஃப்ளாப்பிகள் அடைத்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கியவள் சித்ரலேகாதான். ஒரு மெஷினைத் தயார் செய்ய ஒரு பகல் முழுக்க வேண்டும். ஃப்ளாப்பியைப் போடுவதும் எடுப்பதும் அடுத்ததைப் போடுவதுமாகவே பொழுது சாய்ந்துவிடும். ஏழாவது ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தால் மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு கிளையின் மெஷின்போல் இன்னொன்று இருக்காது. ஆழ்வார்திருநகரியில் பில் ஒழுங்காக அச்சாகும். காயல்பட்டினத்தில் தொகை காகிதத்துக்கு வெளியே போகும். "ஒங்க மெஷினு எங்கள மட்டும் பழிவாங்குதும்மா" என்று அங்கிருந்து போன் வரும். எல்லா மெஷினும் ஒரே அச்சாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் அந்தப் பஸ் பயணங்களில்தான் அவளுக்கு உண்டாயிற்று.

தொண்ணூற்றெட்டு முடியும் சமயம் அண்ணாச்சி பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாக் கிளைக்கும் புது கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தார். வண்ணார்பேட்டையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் அட்டைப்பெட்டிகள் கூரை உயரத்துக்கு வந்து இறங்கின. மேனேஜர் சிவசண்முகம், விற்ற கம்பெனியின் ஆட்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் போடச் சொல்லலாம் என்றார். சித்ரலேகா நேரே அண்ணாச்சியின் அறைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க. ஒரே ஒரு மெஷின நான் ஒழுங்காத் தயார் பண்ணுதேன். மத்ததெல்லாம் அதப் பாத்துத் தானா அதே மாதிரி ஆயிரும்."

"தானாவா?"

"ஒரு ஃப்ளாப்பியச் சொருகி சுவிட்சப் போட்டாப் போதும். பக்கத்துல ஆளே வேண்டாம்."

அண்ணாச்சி சிரித்துவிட்டு, "செஞ்சு காட்டு" என்றார்.

அவளுக்கு உதவியாக இருந்தவன் மேலப்பாளையத்து அசன் மைதீன். கேபிள் இழுப்பதிலும் பெட்டியைப் பிரித்து மாட்டுவதிலும் கை சுத்தம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மூலமாக வைத்த மெஷினுக்குத் 'தாய் மெஷின்' என்று பெயரிட்டவனும் அவன்தான். அதன் உள்ளடக்கம் முழுவதும் ஒரே பிரதியாக சர்வரில் இருக்கும். புது மெஷினைக் கேபிளில் மாட்டி ஃப்ளாப்பியைச் சொருகினால், அது சர்வரைத் தேடிப் பிடித்து, பிரதியைத் தனக்குள் இறக்கிக்கொண்டு, எந்தக் கிளை என்று மட்டும் கேட்டு, அந்தப் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

செய்வதற்கு ஆன காலத்தைவிடச் சோதிப்பதற்கு ஆன காலம் அதிகம். பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க அவளே மெயினை அணைத்தாள். கேபிளை உருவினாள். கிளையின் பெயரைத் தப்பாக அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கே கோணியதோ அங்கே திருத்தி, மெஷினில் ஏறியதையெல்லாம் துடைத்து அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். "போதும்க்கா, ஓடுதுல்லா" என்பான் அசன். "ஓடுதப்ப பாக்கதுக்கா நாம இருக்கோம்? நிக்கும்போது என்ன செய்யுதுன்னு பாரு" என்பாள்.

கடைசிச் சோதனைக்குச் சுமை ஏற்றும் பகுதியின் மேஸ்திரி அப்பாத்துரையைக் கூட்டிவந்தாள். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். கையில் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டு, தான் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"ஏம்மா, இது எந்தப் பக்கம் போவும்?"

"நீங்களே பாருங்க மேஸ்திரி. நான் சொல்லமாட்டேன்."

உள்ளே சற்று நேரம் முனகல் கேட்டது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். திரையில் கோடு நீள்வதை அப்பாத்துரை கைகட்டி நின்று பார்த்தார். மெஷின் தானே எழுந்து, சிற்றாறு பார்சல் சர்வீஸ் என்று காட்டியதும் வெளியே வந்து, "ஒண்ணு இன்னொண்ணப் பெத்துப் போடுத மாதிரில்லா இருக்கு" என்றார். சித்ரலேகா வாய்விட்டுச் சிரித்தாள். அலுவலகத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மெஷின்கள் கிளைகளுக்குக் கிளம்பவேண்டிய வாரத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு போட்டாள். தாய் மெஷினின் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும் தெரியும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதை அசனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது கிட்டங்கியில் எல்லா மெஷினும் தயார். ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். திரையின் மூலையில் பிள்ளையார் படமும் அதன்கீழே அன்றைய ராகுகாலமும் எமகண்டமும் வந்தன.

"இது என்னது?"

அசன் கேபிளைச் சுருட்டியபடியே சொன்னான். "மேனேஜர் சாருதான் போடச் சொன்னாருக்கா. பஞ்சாங்கம். அவரு மருமகன் மெட்ராஸ்லேந்து டிஸ்க் கொண்டாந்தாராம். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனிமே ராகுகாலத்துல எந்த லாரியும் கிளம்பாதுன்னு சிரிச்சாரு."

"தாய் மெஷின்லயே போட்டியா?"

"அதுல போட்டாத்தானக்கா எல்லாத்துக்கும் போவும்."

"போட்டதுக்கப்புறம் எல்லாச் சோதனையும் பண்ணுனியா? வைரஸ் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு அது அப்போதே உறைத்தது. ஆனால் வாசலில் வேன்கள் நின்றன, டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், திறப்பு விழாவுக்கு அண்ணாச்சி நாள் குறித்துவிட்டார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து செய்கிறேன் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அன்றைக்கு அவளுக்கு அந்த வாய் வரவில்லை. அம்மாவின் கண் கட்டைப் பற்றிய கவலையும் இருந்தது. தலையை ஆட்டினாள், மெஷின்கள் ஏறின.

விழாவில் சிவசண்முகம் மைக்கைப் பிடித்து, 'நம்முடைய புதிய தானியங்கி முறை' பற்றிப் பேசினார். அண்ணாச்சி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சித்ரலேகா பெண்கள் வரிசையில் நின்று கைதட்டினாள். பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் விலாவில் இடித்து, "நீ செஞ்சதுல்லா?" என்றபோது, "ஓடுனாச் சரி" என்றாள்.

ஓடவும் செய்தது. இரண்டு மாதம் ஒரு கிளையிலிருந்தும் புகார் போன் இல்லை.

ஏப்ரல் இருபத்தாறு, திங்கட்கிழமை. முதல் போன் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்தது. மெஷின் எழவில்லை, வெறும் இருட்டு. கரண்டாக இருக்கும் என்றாள். வைக்குமுன் அம்பாசமுத்திரம். அடுத்து காயல்பட்டினம். அதன்பின் போனைக் கீழே வைக்கவே முடியவில்லை. அலுவலகத்தில் அவள் எதிரே இருந்த மெஷினும் செத்துக் கிடந்தது. எல்லாம் ஒரே காலையில், ஒரே மாதிரி. ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவளுக்குப் புரிந்தது: எந்த ஒற்றுமைக்காக அவள் அத்தனை பாடுபட்டாளோ, அதே ஒற்றுமையோடு அவை மாண்டிருந்தன. கணக்குப் பிரிவில் மாற்றாமல் விட்டிருந்த பழைய பெட்டிகள் மட்டும், அவள் வெறுத்த அந்தக் கோணல்மாணல் பெட்டிகள் மட்டும், ஒன்றும் நடக்காததுபோல் ஓடின.

அந்தத் தேதிக்கென்று காத்திருந்த ஒரு வைரஸ் பல நாடுகளில் மெஷின்களைக் கொன்றிருக்கிறது என்று மறுநாள் பேப்பரில் வந்தது. சித்ரலேகா சர்வரில் இருந்த பிரதிகளை எடுத்துச் சோதித்தாள். லீவுக்கு முன் அவள் எடுத்து வைத்த பிரதி சுத்தமாக இருந்தது. பஞ்சாங்கம் ஏறிய பிரதியில் வைரஸ் இருந்தது. இதைச் சொல்ல அண்ணாச்சியின் அறைக்குப் போனபோது சிவசண்முகமும் அசனும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள்.

"அந்தப் பஞ்சாங்க டிஸ்கக் குடுங்க சார். அதுலேயே காட்டுதேன்" என்றாள்.

"எங்கன இருக்கோ, யாரு கண்டா" என்றார் சிவசண்முகம். "அண்ணாச்சி, வீட்டுச் சாவி ஒருத்தர் கையில இருக்கு. திருடன் உள்ள வந்தா யாரக் கேப்போம்?"

"ராகுகாலம் பாக்கதுல வைரஸ் வருமாம்மா?" என்றார் அண்ணாச்சி. கோபத்தைவிடச் சலிப்புதான் அவர் குரலில் இருந்தது. அந்தப் பஞ்சாங்கத்தை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். பிறகு அசனைப் பார்த்தார். "நீ சொல்லுலே. மெஷின வெளிய அனுப்புததுக்கு முன்ன சோதிச்சுப் பாக்கது யாரு?"

சித்ரலேகா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எப்பவும் அக்காதான் பாப்பாங்க, அண்ணாச்சி."

அது பொய்கூட இல்லை. தலையை ஆட்டி மெஷின்களை வேனில் ஏற்றவிட்டவள் அவள்தான்.

சிலவற்றில் மதர்போர்டின் சிப்பே போயிருந்தது. அவற்றை விற்ற கம்பெனி எடுத்துப் போய்ச் சரிசெய்து தந்தது. மற்றவற்றைக் கிளைகளிலிருந்து கிட்டங்கிக்கு வரவழைத்து, அவள் தன் பழைய சுத்தமான பிரதியிலிருந்து எழுப்பினாள். பில் விவரங்கள் போனது போனதுதான். மெஷின்கள் மட்டும் ஒரு வாரத்துக்குள் பழையபடி ஓடின. ஒருவரும் நன்றாகச் செய்தாய் என்று சொல்லவில்லை. சுவிட்சுகளைப் போட்டுவிட்டு அப்பாத்துரைதான் பக்கத்தில் நின்றார். அதைப் பார்த்துவிட்டுப் போன சிவசண்முகம் அண்ணாச்சியிடம், மேஸ்திரியே செய்கிற வேலைக்கு எதற்குத் தனியாக ஒரு சம்பளம் என்று கேட்டிருக்கிறார். மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு, பொறுப்பை ஒப்படைத்துவிடச் சொன்னார்கள். காரணம் கேட்டதற்கு, "நீ செஞ்சு வச்சது தானா ஓடுதும்மா" என்றார் அண்ணாச்சி. இதைப் பாராட்டாகவே சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏழு வருஷத்துக்குமேல் உட்கார்ந்த நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்கவும் படம் வரையவும் கற்றுக்கொடுக்கிற வேலை.

ஐப்பசி மழையில் ஒருநாள் அசன் மைதீன் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தாள், காப்பி போட்டாள். ஒருவேளை மனசு கேட்காமல் வந்திருக்கிறான் என்று சித்ரலேகா நினைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"துபாய்ல ஒரு கம்பெனில வேலை அமைஞ்சிருக்குக்கா. புது மெஷினெல்லாம் இதே மாதிரி தானா ஏத்தணும். தெரியும்னு சொல்லிட்டேன். மேனேஜர் சாரு சர்டிபிகேட் குடுத்துட்டாரு." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "ஃப்ளாப்பி எங்கிட்ட இருக்கு. அங்கத்த மெஷினுக்குத் தக்கன அத மாத்தணும்னா, ஒங்க குறிப்பு நோட்டும், அது எப்படி எழுதுனீங்கன்னும்... ஒருக்கச் சொல்லித் தந்தீங்கன்னா."

"ஏலே அசனு, நீ சோதிச்சுப் பாத்தியா அன்னைக்கு?"

மழைச் சத்தத்தில் அவன் பதில் சொன்னதே கேட்கவில்லை. பிறகு உரக்கச் சொன்னான்: "இல்லக்கா. நேரமே இல்ல. மேனேஜரு தலமாட்டுல நின்னாரு."

"இத அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா. எல்லாத்தையும் தாரேன்."

"இப்பச் சொல்லி என்னக்கா ஆவப்போவுது? ஒங்களத் திரும்பக் கூப்பிடவா போறாங்க? எனக்குச் சர்டிபிகேட்டும் போயிரும்."

அவன் சொன்னது உண்மை. அதைக் கேட்டபோது வந்த ஆத்திரம், அன்றைக்கு அண்ணாச்சியின் அறையில்கூட வந்ததில்லை.

"அப்ப போயிட்டு வா" என்றாள்.

"அக்கா, ஒங்ககிட்ட அது சும்மாதான கெடக்கு?"

"கெடக்கட்டும்."

அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கினான். குடை கொடுக்கவா என்று அம்மா கேட்டாள். சித்ரலேகா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லில் கிடைத்த சின்ன திருப்திகூட அவன் தெருமுனை திரும்பும்வரைதான் நின்றது. காப்பி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை வகுப்பு இருந்தது.

அசன் துபாய் போய்ச் சேர்ந்து, தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்று பிறகு அப்பாத்துரை சொன்னார். பார்சல் சர்வீஸில் புது மெஷின் வந்தால் இப்போதும் அதே ஃப்ளாப்பியைத்தான் சொருகுகிறார்களாம். பஞ்சாங்கத்தையும் மறுபடி ஏற்றிவிட்டார்களாம். இதைக் கேட்டபோது அவள் சந்தை வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். "வைரஸ் பாத்தாங்களா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பஸ் வந்துவிட்டது, கேட்காமலே ஏறிவிட்டாள்.